அப்பா வந்தும் வராத மாதிரிதான்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு 46 வயது. வங்கி அதிகாரி. மூன்று வருடங்களுக்கு முன் கரூர்ப் பக்கம் மாற்றல் ஆனது. மனைவி தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியை, மகள் ஒன்பதாம் வகுப்பு. அவர்களைக் கிளப்பிக்கொண்டு வர முடியாது என்பதால் நான் மட்டும் ஒரு மாடி போர்ஷனில் தங்கியிருக்கிறேன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு, ஏழரை வரை நாற்காலிதான். திரும்பும்போது சாப்பாட்டைப் பார்சல் வாங்கிக்கொண்டு வருவேன். கட்டிலில் சாய்ந்து செல்போனை எடுத்தால் மணி ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை வரும் வாரங்களில் வெள்ளி இரவே ஊருக்குப் போவேன். மற்ற வாரங்களில் சனி இரவு போய்த் திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவேன். ஊரிலும் சோபா, டிவி, தூக்கம். கல்லூரியில் வாலிபால் டீமில் இருந்தவன் நான். கல்யாணத்துக்கு அப்புறமும் ஷட்டில் ஆடினேன். இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன மாதம் மகள் அவள் அம்மாவிடம், “அப்பா வந்தும் வராத மாதிரிதான்” என்று சொன்னது காதில் விழுந்தது. மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்கிறாள். சில நாள் கண் விழிக்கும்போதே ஏன்தான் விடிந்ததோ என்று இருக்கிறது. குடிப்பழக்கம் இல்லை, கடன் இல்லை, ஆபீசில் கெட்ட பெயர் இல்லை. ஒரு குறையும் இல்லாதவனுக்கு ஏன் இப்படி? இது சோம்பேறித்தனமா, வியாதியா? உட்கார்ந்து உட்கார்ந்தே மனசு இப்படி ஆகிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று மகள் சொன்னது. இன்னொன்று, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுக் கடந்துபோன வரி: ஏன்தான் விடிந்ததோ. மகளின் சொல்தான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் மனநல மருத்துவராக நான் முதலில் பேச வேண்டியது அந்த இரண்டாவது வரியைப் பற்றி.

கண் விழிக்கும்போதே மனம் கனமாக இருப்பது மனச்சோர்வு நோயில் நாங்கள் அடிக்கடி கேட்கும் விஷயம். அதனால் சில கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரங்களில் பெரும்பாலான நாட்கள் இப்படி இருந்ததா? முன்பு பிடித்தவை இப்போது பிடிக்கவில்லையா? சாப்பாடு குறைந்ததா, அல்லது பசியில்லாமலே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு கடன் ஃபைலை இரண்டாவது தடவை படிக்க வேண்டியிருக்கிறதா? நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் வருகிறதா? சின்ன விஷயத்துக்குக்கூட எரிச்சல் வருகிறதா? இதைத் தனியாகக் கேட்கக் காரணம் உண்டு. ஆண்களுக்கு மனச்சோர்வு வரும்போது பல சமயம் அழுகையாக வெளியே தெரியாது. எரிச்சலாகவும் மௌனமாகவும்தான் தெரியும், வீட்டில் இருப்பவர்கள் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று: இனி இருந்து என்ன என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்க்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் ஆம் என்றால், மீதியைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மனைவியிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றவற்றில் நாலைந்துக்கு ஆம் என்றால், வார இறுதிக்காகக் காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய என்னால் முடியாது, செய்யவும் கூடாது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ‘உடற்பயிற்சி இல்லை, அதனால்தான்’ என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். 46 வயதில், நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு ஈசிஜி இவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12. இவற்றில் எது குறைந்தாலும் களைப்பும் மந்தமும் மனச்சோர்வு மாதிரியே வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போகும்போது நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்கள் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்காதவர் மாதிரிதான் எழுவார்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உட்கார்ந்து உட்கார்ந்தே மனசு இப்படி ஆகிவிடுமா?

ஆகலாம். ஆனால் எல்லா உட்காருதலும் ஒன்றில்லை. இதை நம் ஆட்கள் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. வங்கியில் பத்து மணி நேரம் உட்காருகிறீர்கள். அது இடுப்புக்கும் இதயத்துக்கும் கெடுதல், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அங்கே உங்கள் மூளைக்கு வேலை இருக்கிறது. எதிரில் ஆள் வருகிறார், பேசுகிறார், சண்டை போடுகிறார், நன்றி சொல்கிறார். அறைக்கு வந்தபின் உட்காருவது வேறு வகை. அதில் உடம்புக்கு வேலை இல்லை, கைக்கு வேலை இல்லை, மூளைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்தில் மனிதரும் இல்லை.

ஸ்வீடனில் 1997-ல் ஒரு பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களில் சுமார் 24 ஆயிரம் பேரின் விவரங்களை எடுத்து, 13 ஆண்டுகள் கழித்து யாருக்கு மனச்சோர்வு வந்தது என்று பார்த்தார்கள். அதில் உட்காரும் நேரத்தை இரண்டாகப் பிரித்தார்கள். டிவி பார்ப்பது போல மனம் சும்மா கிடக்கும் உட்காருதல் ஒன்று. அலுவலக வேலை, கூட்டம், பின்னல் வேலை போல மனம் ஈடுபட்டிருக்கும் உட்காருதல் இன்னொன்று. மனம் சும்மா கிடந்த நேரத்தைக் குறைத்து, அதே நேரத்தை ஈடுபாடுள்ள வேலைக்கோ நடமாட்டத்துக்கோ கொடுத்தால் மனச்சோர்வின் வாய்ப்பு குறைகிறது என்றுதான் அவர்கள் கணக்கு காட்டியது. உட்கார்ந்தபடியே செய்யும் பின்னல் வேலை டிவியோடு சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுவார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்து வைத்துக்கொண்டு, மல்லிகையும் மருவும் கனகாம்பரமுமாக மடியில் குவித்துக்கொண்டு, மணிக்கணக்கில் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆனால் கை ஓயாது, வாயும் ஓயாது. தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு விசாரிப்பு உண்டு. எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்பது முதல் யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது வரை அங்கேதான் ஓடும். பல்லாங்குழி, தாயம் எல்லாம்கூட உட்கார்ந்து கழித்த பொழுதுகள்தான். நம் வீடுகளில் ஓய்வு என்பது எப்போதும் உட்கார்ந்தே இருந்திருக்கிறது. இன்று உங்கள் கட்டிலில் அந்த உட்காருதல் மட்டும் மிச்சமிருக்கிறது. அதைச் சுற்றி இருந்த கையும் பேச்சும் ஆளும் போய்விட்டார்கள்.

நடமாட்டத்தைக் குறைத்தாலே மனம் வாடுமா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த இளைஞர்களை ஒரு வாரம் மட்டும் உடற்பயிற்சியை நிறுத்தச் சொல்லி, ஒரு நாளைக்கு ஐயாயிரம் காலடிகளுக்குக் கீழே நடக்க வைத்தார்கள். ஒரே வாரத்தில் அவர்களின் மனநிலை சரிந்தது, பதற்றம் கூடியது. அவர்கள் ஒரு வாரம் இருந்த மாதிரி நீங்கள் மூன்று வருடமாக இருக்கிறீர்கள்.

அதேசமயம், இது ஒருவழிப் பாதையும் இல்லை. மனம் வாடியவர் எழுந்து நடக்க மாட்டார். நடக்காததால் இன்னும் வாடுவார். உங்கள் விஷயத்தில் எது முதலில் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. மாற்றலாகி வந்த முதல் சில மாதங்களின் தனிமையாக இருக்கலாம். இப்போது அந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றுகின்றன. சுற்றைத் தொடர்ந்து ஓட வைப்பது குற்ற உணர்வு. ஒன்றரை மணிக்குப் போனைக் கீழே வைக்கும்போது ‘இன்றைக்கும் வீணாக்கிவிட்டேன்’ என்று தோன்றுகிறதில்லையா, அதோடு தூங்கப் போகிறீர்கள். மறுநாள் ஐந்தரை மணி நேரத் தூக்கத்தோடு, அந்தக் கசப்போடு எழுகிறீர்கள். தூக்கம் குறைந்தாலே மனம் தாழும். சாயங்காலம் அந்த மனத்தை ஆற்றிக்கொள்ள மறுபடி கட்டில், மறுபடி போன்.

ஆகவே இது சோம்பேறித்தனமா என்ற கேள்விக்கு என் பதில்: இல்லை. சோம்பேறிக்கு அந்த நேரம் இனிக்கும், உங்களுக்கு இனிக்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடிவிட்டு, எனக்கென்று இருப்பது இந்த இரவு மட்டும்தான் என்று தூக்கத்திலிருந்து பிடுங்கி வைத்துக்கொள்கிறீர்கள். என்னிடம் வரும் ஐடி ஊழியர்கள், நர்சுகள், சின்னக் குழந்தைகளின் அம்மாக்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். பிடுங்கிய நேரத்தில் உங்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பழைய தூர்தர்ஷன் ஒரு நேரத்தில் நிகழ்ச்சியை முடித்துக்கொள்ளும், நாமும் எழுந்து போவோம். உங்கள் கையில் இருப்பது ‘முடிந்தது’ என்று ஒருநாளும் சொல்லாது. எழுந்திருக்கச் சொல்லும் இடமே அதில் இல்லாதபோது, எழுந்திருக்காதது உங்கள் மனவலிமைக் குறைவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் மட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்து எதையாவது செய்கிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. உங்கள் பழைய வாலிபால் டீமில் இன்று எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, என்ன செய்வது.

முதலில், போனை எறிய வேண்டாம். ‘இனிமேல் ரீல்ஸ் பார்க்கவே மாட்டேன்’ என்ற சபதம் மூன்று நாள் தாங்கும், நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் குற்ற உணர்வைக் கொடுத்துவிட்டுப் போகும். ஒன்றை எடுப்பதற்கு முன் இன்னொன்றை வையுங்கள். ‘மனசு வந்தால் செய்யலாம்’ என்று காத்திருக்கிறோமே, மனம் தாழ்ந்திருக்கும்போது அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் செயல், மனசு பின்னால் வரும். இது வெறும் ஊக்கப் பேச்சு இல்லை, ஒரு முறையான சிகிச்சை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஓரளவு கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு இதைச் செய்து பார்த்தது. பேசியவர்கள் டாக்டர்களும் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், கொங்கணி, மராத்தி என்று அங்குள்ள மொழியிலேயே, ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த உதவி கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 39 சதவீதம்.

உங்களுக்கு அது எப்படி ஆரம்பிக்கும்? ஒரு சின்ன நோட்டில். ஒரு வாரத்துக்கு, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தூங்கும் வரை மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன செய்தேன், யாரோடு இருந்தேன், மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். எதையும் மாற்ற வேண்டாம், கணக்கு மட்டும் எழுதுங்கள். கணக்கு எழுதுவது உங்கள் தொழில், நேர்மையாக எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். என்னிடம் இப்படி எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பலரும் ஒரு விஷயத்தைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள். எதை ஓய்வு என்று ஆசையாகக் காத்திருந்தார்களோ அந்த மணி நேரங்களுக்கு எதிரே இரண்டும் மூன்றுமாக இருக்கும். கீழ்வீட்டுக்காரரோடு மோட்டார் ரிப்பேர் பற்றி நின்று பேசிய பத்து நிமிஷத்துக்கு ஆறு போட்டிருப்பார்கள். நான் சொல்வதைவிட அந்த நோட்டு சொல்வது உங்களுக்கு நன்றாக உறைக்கும்.

இரண்டாவது வாரம் ஒரே ஒரு மாற்றம். அறைக்குப் போனபின் ‘நடக்கப் போகலாமா’ என்று மனசோடு வாதாடினால் தோற்பீர்கள், யாராக இருந்தாலும் தோற்பார்கள். ஆகவே அந்த வாதம் நடக்கும் இடத்துக்கே போக வேண்டாம். ஒரு ஜோடி ஷூவை வங்கியிலேயே வைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டு நேரே மெஸ்ஸுக்கு நடங்கள், கொஞ்சம் சுற்றுவழியாகவே போங்கள். பார்சல் வேண்டாம். அங்கேயே இலை போட்டுச் சாப்பிடுங்கள். பரிமாறுகிறவர் முகம், பக்கத்து மேஜைக்காரர் முகம் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். அது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள், மூன்று வருடமாக ஒரு மனிதரும் இல்லாமல் இரவுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டு அறைக்கு நடந்து வந்தால் மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். நார்வேயில் மனநலக் குறை எதுவும் இல்லாத 33,908 பேரை 11 ஆண்டுகள் கவனித்தார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது எல்லோரும் உடலை அசைத்திருந்தால், பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கண்டது. வேகமாக ஓடினாரா மெல்ல நடந்தாரா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. எதுவுமே செய்யாத இடத்திலிருந்து கொஞ்சம் செய்கிற இடத்துக்கு வருவதில்தான் பெரும் பலன் இருந்தது. நீங்கள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

நடக்கும்போது மகளுக்குப் போன் செய்யுங்கள். ‘படிச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா’ என்று கேட்க வேண்டாம், அதைக் கேட்க அவள் பக்கத்தில் ஒரு ஆசிரியையே இருக்கிறார். நீங்கள் அன்றைக்குப் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். கவுண்ட்டரில் ஒரு பாட்டி கைரேகை வைக்க மறுத்துத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுக் காட்டியதையோ, ரோட்டோரம் பாதி கட்டி நிற்கிற பஸ் பாடியையோ. தினமும் ஐந்து நிமிஷம் இப்படிப் பேசிப் பழகினால் சனி ஞாயிறில் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் அந்நியமாக உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. நீங்கள் சொல்வதற்காகவாவது பகலில் எதையாவது உற்றுப் பார்ப்பீர்கள், அதுவும் மருந்துதான்.

இரவில் போனை அறையின் மறுகோடியில் சார்ஜ் போடுங்கள். காலை அலாரத்துக்கு ஒரு சாதாரண மேஜைக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு விளக்கு அணைய வேண்டும். முதல் நாலைந்து நாள் தூக்கம் வராமல் புரளுவீர்கள், அப்புறம் சரியாகும். கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது பிடிக்கும் என்றால் அதை விட வேண்டாம். தானாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதும், இந்த மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று உட்கார்ந்து பார்ப்பதும் வேறு வேறு.

ஷட்டில் பேட்டை இந்த வாரமே எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விடாதீர்கள். இதயப் பரிசோதனை முடியட்டும், ஆறு வாரம் நடங்கள், அப்புறம் ஆடலாம். இருபது வயது ஞாபகத்தில் நாற்பத்தாறு வயது முழங்காலை நம்பிக் குதித்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சோம்பேறித்தனம் என்று சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. அந்தச் சொல் தவறுதான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் களைப்பு நியாயமானது. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். உங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்தாறு நாள் அந்த 88-உம் இல்லை. பள்ளிக்கூட வேலை, பேப்பர் திருத்துவது, மகளின் டியூஷன், கேஸ் சிலிண்டர், வீட்டுப் பெரியவர்களின் மருந்து எல்லாம் அவர் தலையில். அப்படி இருக்கும் ஒருவர், வாரக்கடைசியில் வந்து சோபாவில் சாய்பவரைப் பார்த்து நோய் என்று நினைப்பது கடினம். எனக்குத் தெரிந்து அவருக்கும் உட்கார நேரம் தேவைப்படுகிறது.

இந்தக் கடிதத்தையும் என் பதிலையும் அவரிடம் காட்டுங்கள். ‘எனக்கு மனசு சரியில்லை, மூன்று மாதமோ மூன்று வருடமோ தெரியவில்லை’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதைச் சொல்ல ஆண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் அறைக்கு வந்து முக்கால் மணி நேரம் வயிற்றெரிச்சலைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசிவிட்டு, கதவில் கை வைத்தபின் திரும்பி நின்று அதைச் சொன்னவர்கள் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஞாயிற்றுக்கிழமை காய்கறி மார்க்கெட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பை எடுத்துக்கொண்டு நடந்தே போங்கள். அது அவருக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு.

மருந்து வேண்டுமா என்று கேட்பீர்கள். மருத்துவர் பார்த்துவிட்டு மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தால், நடந்தே சரிசெய்துகொள்கிறேன் என்று தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வுள்ள 156 பேரைப் பிரித்து ஒரு சாராருக்கு உடற்பயிற்சி, ஒரு சாராருக்கு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மீதிப் பேருக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 வாரத்தில் மூன்று சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் முதல் சில வாரங்களில் மாத்திரைதான் வேகமாகக் கேட்டது. அந்தப் பயிற்சியும் ஆள் வைத்து, நாள் குறித்து, கண்காணித்துச் செய்யப்பட்டது. படுக்கையிலிருந்து எழவே முடியாத அளவுக்கு ஒருவர் தாழ்ந்திருக்கும்போது, எழுந்து நடக்கும் தெம்பைக் கொடுப்பதே மாத்திரையாக இருக்கலாம். இந்த மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் இல்லை, போதை தருபவையும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், நிறுத்தும்போது டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாக நிறுத்த வேண்டும்.

மாற்றல் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மூன்று வருடம் முடிந்துவிட்டது. தஞ்சாவூர் அருகே இடம் கேட்டு மனு கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால், ‘கேட்டு என்ன ஆகப் போகிறது’ என்ற எண்ணம்தான் காரணமா என்று யோசியுங்கள். அந்த எண்ணமே நோயின் குரலாக இருக்கலாம். மனு கொடுப்பதையும் அந்த நோட்டில் ஒரு வரியாகச் சேருங்கள். கிடைக்கும் வரை கரூரில் இருக்கும் மாலைகளை நான் மேலே சொன்னபடி வாழ்ந்து பார்க்கலாம்.

ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண், அப்பா வந்தும் வராத மாதிரி இருக்கிறார் என்று சொல்கிறாள் என்றால், அவர் வருவதை அவள் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஏறியதும் அவளைக் கூப்பிடுங்கள். மறுநாள் காலை ஆறரைக்கா ஏழுக்கா, எத்தனை மணிக்கு நடக்கப் போகலாம் என்று அவளையே நேரம் குறிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். நோட்டில் அந்தக் காலைக்கு எத்தனை மார்க் போட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.